எனக்கு தைராய்டு இல்லை

கெசியா அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். வால்பாறையில் மழை விட்டதா, உங்கள் இருமல் நின்றதா? பீளமேட்டு விடுதியில் வார்டன் வேலையோடு நான் நலம். குளியலறையில் லேசாக வழுக்கி, இடது மணிக்கட்டில் ஒரு விரிசல். மாவுக்கட்டு போட்டாயிற்று, பயப்பட வேண்டாம்.

என் கோபம் வேறு. எலும்பு டாக்டர், "முன்னால ஏதாச்சும் ஆபரேஷன் ஆச்சுங்களா அம்மா?" என்றார். நான் வாய் திறக்கும் முன், துணைக்கு வந்த உங்கள் தம்பி ஜெப்ரி, "தைராய்டுங்க" என்று சொல்லிவிட்டார். நீங்கள் ஊருக்குச் சொல்லிவைத்த பொய்யை அங்கேயும் ஒப்பித்தார். டாக்டரும் கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பப் பார்த்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. "மார்பகப் புற்றுநோய்ங்க. இன்னும் மாத்திரை சாப்பிடறேன்" என்றேன். ஜெப்ரி தரையைப் பார்த்தார்.

"இதைய மொதல்லயே சொல்றதில்லீங்களா? அந்த மாத்திரை எலும்பை அரிக்குமுங்க" என்று டாக்டர் ஸ்கேன் எடுக்கவைத்தார். எலும்பு மெலிந்துவிட்டதாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ட்ரிப்ஸில் மருந்து ஏற்றுவார்களாம்; அது தாடை எலும்பைப் பாதிக்கலாம் என்பதால் முதலில் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வர வேண்டுமாம். மார்பு என்று சொல்ல நீங்கள் கூசியதற்கு என் எலும்பா பதில் சொல்ல வேண்டும்?

முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு கொடுத்தனுப்புங்கள். விடுதிப் பிள்ளைகள்தான் தலை பின்னிவிடுகிறார்கள். நம் மகள் பின்னுவது போல் வரவில்லை.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, போக வேண்டும். ஞாயிறு ஆராதனையில் போதகர் ஜெபக்குறிப்பு கேட்கும்போது எழுந்து நின்று, என் பெயரோடு என் நோயின் பெயரையும் சொல்லுங்கள். எனக்கு இல்லாத நோய்க்குச் சபையே ஜெபித்தது போதும்.

கிளாடிஸ்