நூலகச் சுவரிலிருந்து நான் கழற்றிய கட்டுரை

அன்பு மகள் மரெட்டாவுக்கு,

இங்கே நானும் நாயும் சுகம், முழங்கால்தான் மழை வருமுன்னே முனகுகிறது. அங்கே நீ நின்றுகொண்டே விழுங்காமல் உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். மருத்துவக் கல்லூரிக்கு நீ எழுதிய விண்ணப்பக் கட்டுரை வந்தது. அதைப் பற்றிப் பேசுமுன் ஒரு விஷயம், ஊரார் சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பண்ணை ஸ்டெக்கர் மகன் கோல்பி நம் ஊர் கிளினிக்கில் சம்பளமில்லாமல் வேலை செய்தானே, அவனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஊருக்கே பெருமை என்று, அவன் விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நூலகத்தில் மாட்டினார்கள். நானும் கைதட்டப் போனேன். படித்தால், இரண்டு விரல் இழந்த காற்றாலை மெக்கானிக், மனைவியை இழந்தவர், அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீர் அடக்க முடியாமல் கிளினிக்கில் கால்சட்டையை நனைத்துவிட்டு அழுகிறார், அவர் கையைப் பிடித்தபோதுதான் தனக்கு வைத்தியம் புரிந்ததாம். எழுநூறு பேர் உள்ள ஊரில் என்னை விட்டால் காற்றாலை மெக்கானிக் எத்தனை பேர்? காபிக் கடையில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. இரண்டு மாதம் கிளினிக் பக்கமே போகவில்லை, ரத்தப் பரிசோதனையையும் தவறவிட்டேன், உன்னிடம் மறைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை திருப்புளியோடு போய்ச் சட்டத்தைக் கழற்றினேன். நூலகர் வெர்னா ஓடிவந்து, "ஓரின், அது நூலகத்துச் சொத்துப்பா, கை வைக்காதே" என்றாள். "கண்ணாடி உன்னோடது, வச்சுக்க. உள்ளே இருக்கிற மூத்திரம் என்னோடது, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றேன். சாயங்காலமே கோல்பி வீட்டுக்கு வந்தான். "உங்க பேரை மாத்திட்டேனே சார்" என்றான். "பேரை மாத்தினே, விரலை ஒட்டவச்சியா?" என்று கேட்டேன். வாசலிலேயே நின்று கட்டுரை முழுதையும் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கால்சட்டை வரி வந்ததும் தாளை மடித்துவிட்டான். மன்னிப்புக் கேட்டான், ஊர்ப் பத்திரிகைக்கும் கொடுத்திருந்தானாம், திரும்ப வாங்கிவிட்டான். மன்னித்தேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை. மறுநாள் தலை நிமிர்ந்து கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுத்தேன், முடிவு நன்றாக இருக்கிறது, பயப்படாதே.

இப்போது உன் கட்டுரை. கழுத்தில் பருந்து பச்சை குத்தி, படகுவீட்டில் ஆடு வளர்க்கும், மகன் சிறையில் இருக்கும் ஒரு நோயாளி அம்மாள். ஓரத்தில் "பேரை மாத்திட்டேன்பா" என்று எழுதியிருக்கிறாய். கோல்பியும் அதைத்தான் சொன்னான். விவரம் இல்லாவிட்டால் கட்டுரைக்கு உயிர் இல்லை என்றாராம் உன் கட்டுரை ஆலோசகர். அப்படியானால் உன் விவரத்தை எழுது, நீ எங்கே தடுமாறினாய், எதைத் தாமதமாகப் புரிந்துகொண்டாய் என்று. அந்த அம்மாள் உடம்பைக் காட்டியது குணமாவதற்கு, நீ கல்லூரிக்குள் நுழைவதற்கு அல்ல. அதனால் இடம் கிடைக்காவிட்டால் போகட்டும், அடுத்த வருஷமும் எழுது, அதற்கடுத்த வருஷமும் எழுது. அடுத்தவர் கதையைத் திறந்து காட்டினால்தான் கதவு திறக்கும் என்றால் அந்தக் கதவை எட்டி உதைத்துவிட்டு வா, அப்பன் இருக்கிறேன்.

கடவுள் உன் கையையும் வாயையும் காப்பாராக. காருக்கு எண்ணெய் மாற்று, மறக்காதே. என்னைப் பற்றி எழுத ஆசை வந்தால் முதலில் என்னைக் கேள். மாட்டேன் என்றுதான் சொல்வேன். இருந்தாலும் கேள்.

உன் அப்பா,
ஓரின்