பலகையில் இரண்டு பெயர்

14.8.1964, வெள்ளி. நெடுந்தீவு.

மின்சாரமில்லாத இந்தத் தீவில் நான் றேடியோ விற்றேன். அவற்றுக்கான கார் பற்றறிகளை மரியதாசன் தன் எஞ்சினில் சார்ஜ் செய்து கொடுத்தான். அவனில்லாமல் ஒன்றுகூட விற்றிருக்க மாட்டேன். கடைப் பலகையில் இருவர் பெயரும் இருக்கிறது.

இன்று கொழும்புக் கொம்பனியின் புது றேடியோக்கள் வந்தன. வள்ளத்திலிருந்து பெட்டிகளை அவனே தலையில் சுமந்து வந்தான்.

"அண்ணை, இதுகளுக்கும் நான்தானே சார்ஜ் போடுறது? நீங்கள் சொன்னபடியால்தான் போன மாசம் பெரிய எஞ்சின் வாங்கினனான்."

"இது ரோச் லைற்றுக்குப் போடுற சின்னப் பற்றறியிலை பாடும். இனி உம்மட வேலை தேவையில்லை."

எஞ்சின் வாங்கச் சொன்னபோதே எனக்கு இது தெரியும். பழைய றேடியோக்கள் விற்று முடியும்வரை அவன் தேவைப்பட்டான்.

"ஓம்" என்றான். பெட்டிகளை அடுக்கி முடித்துவிட்டுத்தான் போனான்.

நாளை பலகையைக் கழற்ற வேண்டும். உயரத்தில் இருக்கிறது. ஏணி அவனிடம்தான் இருக்கிறது.