அச்சகத்துப் பழைய பிராசசர்

3 ஆகஸ்ட் 1999
காலையில் அச்சு இயந்திரத்தை ஓட்டும் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஆபரேட்டிங் சிஸ்டம் முழுக்க அதில்தான். காப்புக்கு எடுத்து வைத்திருந்த டேப்பில் பூஞ்சை. விற்ற கம்பெனியை மூடி ஆறு வருஷம் ஆகிறது.

இருபத்தாறு பார்வையற்றோர் பள்ளிகளுக்கு நாங்கள்தான் பிரெய்ல் பாடப்புத்தகம் அச்சடிக்கிறோம். பத்தாம் வகுப்பு அறிவியல் பாதியில் நிற்கிறது. பரீட்சை மார்ச்சில்.

5 ஆகஸ்ட்
அச்சகத்தின் செயலாளர் வெங்கடகிருஷ்ணன் சார் கூப்பிட்டார். அச்சு இயந்திரத்தை இணைக்கும் கார்டு புதுக் கம்ப்யூட்டர் எதிலும் பொருந்தாது என்றேன்.

"நவம்பர் கடைசி வரைக்கும் பாரும்மா. அதுக்கு மேல முடியலன்னா வேலைய சென்னைக்கு அனுப்பிடறேன். பசங்களுக்குப் புத்தகம் வேணும்ல?"

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் கோபம் வரவில்லை, பயம் வந்தது. சந்திரம்மா ஒன்பது வருஷமாக இந்த இயந்திரத்தை ஓட்டுகிறார். பெர்னார்ட் அண்ணன் விரலால் தடவிப் பிழை திருத்துகிறார், அவருக்குப் பார்வை இல்லை. இவர்களுக்கு வேறு எங்கே வேலை? எனக்கு?

7 ஆகஸ்ட்
இந்தப் பிராசசர் குடும்பத்தில் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும். ஆனால் எங்கள் போர்டில் ஓடாது. எங்கள் போர்டை அதன் மையநிரலான கெர்னலுக்கு யாராவது அறிமுகப்படுத்த வேண்டும். மூலநிரல் முழுவதும் பத்திரிகையோடு வந்த சிடியில் இருக்கிறது.

டிப்ளமோ மட்டும் படித்த இந்தச் சரசு கெர்னல் எழுதுவாளா? எழுதித்தான் பார்க்கட்டுமே.

22 ஆகஸ்ட்
போர்டின் கையேடு கிடைத்துவிட்டது. ஆடுகிற ஸ்டூலின் காலுக்கு அடியில் சந்திரம்மா வைத்திருந்தார். "தூக்கிப் போடல பாரு, அதச் சொல்லு" என்கிறார்.

9 செப்டம்பர்
பதினேழாவது முறை. திரை கறுப்பு.

10 செப்டம்பர்
A.

கெர்னல் எழுந்ததும் முதல் வேலையாக ஓர் எழுத்தை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்துவிட்டது. அதே நினைப்பில், பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய ஜீவனஹள்ளி ஸ்டாப்பைத் தவறவிட்டு அடுத்ததில் இறங்கி நடந்தேன்.

28 செப்டம்பர்
கடிகாரச் சிப் துடிக்க மறுக்கிறது. அது துடிக்காவிட்டால் கெர்னல் நகராது. சைபர் கஃபேயிலிருந்து லினக்ஸ்காரர்களின் மெயிலிங் லிஸ்ட்டில் கேட்டிருந்தேன். ஜெர்மனியிலிருந்து ஒருவர் ஒரே வரியில் திருப்பிக் கேட்டிருக்கிறார்: இந்த போர்டை இன்னும் யார் வைத்திருக்கிறார்கள்?

சுருக்கென்றது. இருபத்தாறு பள்ளிகளைப் பற்றி எழுதினேன். ஆங்கிலம் சரியா தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

30 செப்டம்பர்
அந்த ஜெர்மன்காரர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். என் தப்பு இரண்டாவது பக்கத்தில் இருந்தது. கடிகாரம் துடிக்கிறது!

19 அக்டோபர்
புது டிஸ்க்கிலிருந்து கெர்னல் முழுதாக எழுந்தது. சந்திரம்மா தாளை ஏற்றினார், இயந்திரம் தடதடத்தது. பெர்னார்ட் அண்ணன் முதல் பக்கத்தைத் தடவிவிட்டு, "ஒளிச்சேர்க்கை" என்று தலைப்பைப் படித்தார். வெங்கடகிருஷ்ணன் சார் ஸ்வீட் வாங்கி வரச் சொன்னார்.

4 நவம்பர்
சீக்கிரம் சந்தோஷப்பட்டுவிட்டேன். பக்கங்களில் குப்பை. பத்துப் பக்கம் சரி, பதினோராவதில் அர்த்தமில்லாத எழுத்துகள். மறுபடி அச்சடித்தால் வேறு இடத்தில் வருகிறது. டிஸ்க்கைச் சோதித்தேன், கேபிளை மாற்றினேன். என்னதான் வேணும் இதுக்கு? இப்படித் தப்பும் தவறுமாப் புத்தகம் போனா ஒரு பிள்ளை அதைப் படிச்சுப் பரீட்சை எழுதுமே. அதுக்கு வேலை சென்னைக்கே போகட்டும்.

சந்திரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்னிரு, கவலப்படாத. நாளைக்குப் பாக்கலாம். முதல்ல சாப்பிடு" என்றார்.

12 நவம்பர்
கெட்டுப்போன பக்கங்களை பெர்னார்ட் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். மத்தியானம் கூப்பிட்டார்.

"சரசு, இது குப்பை இல்லம்மா. முன்னாடி அடிச்ச பக்கத்து எழுத்து. நடுவுல வந்து உக்காந்துக்குது."

"எவ்வளவு நீளம்ணா?"

"பதினாறு. எல்லா எடத்துலயும் எண்ணிட்டேன். சரியாப் பதினாறு எழுத்து."

கையேட்டை எடுத்துப் புரட்டினேன். இந்தப் பிராசசர் படித்ததையெல்லாம் பதினாறு பதினாறு எழுத்தாகத் தன் கேஷ் நினைவகத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். டிஸ்க் புதிய பக்கத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. பிராசசரோ தன்னிடமிருக்கும் பழையதையே எடுத்துக் கொடுக்கிறது. அதை மறக்கச் சொல்ல நான் மறந்திருக்கிறேன். கண்ணால் ஒரு வாரம் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லையே.

மறக்கச் சொல்ல நான்கு வரி நிரல். சேர்த்துவிட்டேன்.

15 நவம்பர்
நானூறு பக்கம். பெர்னார்ட் அண்ணன் ஒவ்வொன்றாகத் தடவினார். ஒரு பிழை மட்டும் சொன்னார். அது தட்டச்சுப் பிழை.

17 ஜனவரி 2000
அறிவியல் புத்தகம் கடைசிப் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் போர்டுக்கான நிரலை லினக்ஸ்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இனி வரும் கெர்னலில் அதுவும் இருக்கும். கோப்பின் தலைப்பில் என் பெயர். பெர்னார்டுக்கு நன்றி என்று அடுத்த வரி. படித்துக் காட்டினேன். "இன்னொரு வாட்டி படி" என்றார்.

5 ஜூன் 2000
அக்காவுக்குப் பிரசவம் என்று ஆனேக்கல் போய், பத்து நாள் கழித்து இன்றுதான் வேலைக்கு வந்தேன். நடுவில் இரண்டு தடவை கரண்ட் போயிருக்கிறது. சந்திரம்மா தானே கம்ப்யூட்டரைக் கிளப்பி, ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை அடித்து முடித்து, கட்டி வைத்திருக்கிறார். "எனக்கு ஏன் போன் பண்ணல?" என்றேன்.

"எதுக்கு?" என்றார்.