மாங்குளத்தில் இருந்து வந்த பலகை

நெளுக்குளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் முஹ்ஸினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவும் நானும் இங்கே சுகம், மெல்போர்னில் நீயும் ஸுல்பாவும் பிள்ளையும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறோம். சுகம் என்று எழுதினாலும் மனம் சுகமில்லை மகன். ஃபோனில் கதைத்தால் சத்தம் போட்டுவிடுவேன், அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

உன் வீட்டுக்கு அத்திவாரம் முடிந்ததும் கீழ்த்தளத்துக்கு என்ன போடுவது என்று கேட்டாய், அங்கே உள்ளது மாதிரி மரப்பலகை வேண்டும் என்றாய். மரக்காலை வைத்து மரம் விற்றுச் சாப்பிடுகிற நானே மரம் வேண்டாம் என்றேன். நம் காணியில் மாரிக்குத் தண்ணீர் நிற்கும், நிலமெல்லாம் கறையான், பலகைக்கு அடியில் பாம்பு வந்து படுத்தாலும் தெரியாது, கீழே கொங்கிறீட் போடு, மேல்மாடிக்கு என் கையாலேயே முதிரைப் பலகை தெரிந்தெடுத்துத் தருகிறேன் என்றேன். நீ சரி வாப்பா என்றாய். அந்தச் சரியை நான் நம்பினேன்.

வியாழக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு வருகிறேன், உன் வளவு வாசலில் லொறி நிற்கிறது. மாங்குளத்து மரக்காலையில் இருந்து பலகை. மரக்காலைக்காரனின் மகன் வீட்டுக்கு வெளியூர் மரம் இறங்குவதைப் பள்ளிவாசலால் வந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு போனார்கள். உன் மாமா றம்சீன்தான் நின்று இறக்குவித்தார். பிடித்துக் கேட்டேன். மச்சான் என்னை ஏசாதீங்கோ, வாப்பாட்டச் சொல்ல வேணாம், சொன்னா விலைபோகாமக் கிடக்கிறதைத்தான் எங்கட தலையில கட்டுவார் எண்டு முஹ்ஸின்தான் சொன்னவன் என்றார். உம்மாவுக்கும் தெரியுமாம். அதற்கு முதல்நாள் அவள் நான் கேட்காமலே இரண்டாவது துண்டு மீன் வைத்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். நீ அப்படிச் சொன்னதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. துரோகம் என்று பெற்ற பிள்ளைக்கு எழுதக் கை வரவில்லை, வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு பலகைகளைப் புரட்டிப் பார்த்தேன். நுனியில் பச்சைப் பெயின்ற் கோடு. அது என் கோடு மகன். ஓரத்தில் முற்றாத வெள்ளை மரம் உள்ள, கறையான் விரும்பித் தின்கிற பலகைக்கு நான் போடுகிற கழிவுக் கோடு. கொங்கிறீட் ஊற்றும்போது அடைப்புக்கு அடிக்கட்டும் என்று சென்ற மாதம் மாங்குளத்துக்காரருக்கு நான்தான் கொடுத்தேன், வீட்டுக்குள் போட வேண்டாம் என்று சொல்லியே கொடுத்தேன். விலைபோகாமல் கிடந்ததை நான் உன் தலையில் கட்டவில்லை, நீயே ஊரைச் சுற்றிப் போய்க் கட்டிக்கொண்டாய்.

இதை றம்சீனிடமோ உம்மாவிடமோ நான் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லாமல் விடலாம் என்று இரண்டு நாள் இருந்து பார்த்தேன், முடியவில்லை. கீழ்த்தளம் போட மேசனை அடுத்த மாதம்தான் வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஃபோன் எடு, மாமாவுக்கு அல்ல, எனக்கு.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் பரக்கத் செய்வானாக. பிள்ளைக்குக் குளிருக்குக் காலுறை போட்டுவிடு, பஜ்ர் தொழுகையைத் தவறவிடாதே.

இப்படிக்கு,
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் மகன்,
உன் வாப்பா
மீராசாகிபு