மூர்த்தி அண்ணன் பார்த்த சனிக்கிழமை

டிசம்பர் 5, வெள்ளி

காலையிலிருந்து தூறல். சூரிய மறைவு 5.42, காலண்டரில் பார்த்தாயிற்று. வாங்க: பிரெட், முட்டை, பொண்டாட்டி எஸ்தருக்கு இருமல் மருந்து. போன வாரம் மறந்ததற்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

ரிசார்ட்டில் கழிவுநீர்த் தொட்டி மோட்டார் அடைப்பு. இரும்பு மூடியைக் கழற்றி மோட்டாரை வெளியே தூக்கி ஷெட்டில் வைத்தேன். மூடியைத் திரும்பப் போட நாலு போல்ட், எல்லாம் துரு. மணி 5.05. ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு மூடிவிட்டு வண்டியை எடுத்தேன். நாளை டியூட்டி மூர்த்தி அண்ணன். ஆறு வருஷமாக என் சனிக்கிழமையை அவர் பார்க்கிறார், அவர் ஞாயிற்றுக்கிழமையை நான். போனில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

கோவளம் வீட்டுக்கு வந்தபோது 5.38. போனை அணைத்து பீரோவில் வைத்தாயிற்று. வெள்ளி சூரியன் மறைந்தால் சனி மறையும்வரை ஓய்வுநாள், போன் கிடையாது, சபை ஒழுங்கு. ஜெபத்துக்கு உட்கார்ந்த பிறகுதான் பலகை ஞாபகம். போனை எடுக்கவில்லை. அவரே பார்த்துத் தெரிந்துகொள்வார்.

டிசம்பர் 6, சனி, மறைந்த பிறகு

நல்ல ஆராதனை. மதியம் நன்றாகத் தூங்கினேன். எழுதவே கூசுகிறது.

ஆறு மணிக்குப் போனைப் போட்டேன். காலை 8.10, 8.12, 8.20, மூன்றும் மூர்த்தி அண்ணன். மோட்டார் எங்கே என்று கேட்கக் கூப்பிட்டிருப்பார். அதற்கப்புறம் வரிசையாக ரிசார்ட் நம்பர். செக்யூரிட்டி எடுத்தார்.

"சாமு அண்ணாத்த, மூர்த்தி பூட்டாரு. பலக ஒடைஞ்சி தொட்டிக்குள்ள வுயுந்துட்டாரு. உள்ள ஒரே கேஸு. தூக்கறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

எஸ்தரிடம் சாவை மட்டும் சொன்னேன். பலகையைச் சொல்லவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

வெயில். செங்கல்பட்டில் போஸ்ட்மார்ட்டம் முடிந்து அண்ணனை நெம்மேலி வீட்டுக்குக் கொண்டுவர மூன்று மணி. மாலை போட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை.

ரிசார்ட் மேனேஜர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி: "குடிச்சிட்டு வந்துருப்பாரு. மூடிய அவரேதான் கழட்டிப் போட்டுகிறாரு."

அண்ணன் குடிக்கவே மாட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போகும், கேஸ் வரும் என்ற பயம். பயம்தான், வேறொன்றுமில்லை.

டிசம்பர் 10, புதன்

ராத்திரி சாப்பாட்டின் நடுவே பாஸ்டர் போன்.

"சனிக்கிழம சபையில சாட்சி சொல்லுங்க பிரதர். ஓய்வுநாள ஆசரிச்சீங்க, கர்த்தர் உங்கள அந்த சாவுலேர்ந்து காப்பாத்திட்டாரு. வாலிபருங்க கேக்கணும்."

பக்கத்திலிருந்து எஸ்தர் "ஸ்தோத்திரம்" என்றாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். அப்புறம் பலகையைச் சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "மூர்த்தி அண்ணன் வீட்டம்மாகிட்ட போய் சொல்லு."

நான் ஓய்ந்திருந்த ஆறு வருஷமும் அவர் உழைத்தார். ஒருநாள்கூட அவர் பெயரை ஜெபத்தில் சொன்னதில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

மழை. மூன்று மணிக்கு நெம்மேலி. மூர்த்தி அண்ணன் மனைவி லட்சுமி அக்கா மட்டும் வீட்டில். எல்லாம் சொன்னேன். மூடி, போல்ட், பலகை, ஞாபகம் வந்தும் போனை எடுக்காதது. அவள் அழவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அன்னிக்கு அவுருக்கு ஜொரம். போவாதய்யான்னேன். நான் போவலன்னா சாமுவ கூப்டுவாங்க, பாவம், அவனுக்கு கோயிலு கீதுன்னுட்டு போனாரு."

அவளே தொடர்ந்தாள்.

"குடிச்சிட்டு வுயுந்தாருன்னு மேனேஜரு ஸ்டேஷன்ல எழுதிக் குட்துகிறாரு. இப்ப சொன்னத அங்க வந்து சொல்றியா?"

"சொல்றேன்க்கா."

"பத்து மணிக்கு வரச் சொல்லிகிறாங்க. நாளிக்கு." கொஞ்சம் தயங்கினாள். "சனிக்கிழமையாச்சே. ஒனக்கு ஆவுமா?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

ஆகும் என்றேன்.