பிரேக் கட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன

மார்ச் 17, செவ்வாய், காலை 6.10

அன்புள்ள இல்லாளுக்கு,

நான் நலம். உன் இரத்த அழுத்தத்தை, அளந்த தேதியுடன் எழுதவும். நான் இன்னொருமுறை சைக்கிளிலிருந்து விழுந்தால் வேலையை விட்டு வந்துவிட வேண்டும் என்ற உன் 9ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

நான் கிடங்குக்கு ஓட்டிச் செல்லும் மலைச் சைக்கிளின் முன்சக்கரம் 14ஆம் தேதி கோணிவிட்டது. நேற்று சைக்கிள் கடையில் புதியது மாட்டினோம். இதில் சக்கரத்தின் நடுவிலுள்ள உலோகத் தட்டை இரு கட்டைகள் கவ்வித்தான் வண்டி நிற்கிறது. பழைய சக்கரத்தைக் கழற்றியதும், எப்படிக் கவ்வுகிறதென்று பார்க்கும் ஆவலில் பிரேக்கை அழுத்திவிட்டேன். கட்டைகள் ஒட்டிக்கொண்டன, புதுச் சக்கரத்தின் தட்டு நடுவே நுழையவில்லை.

"பெரியவரே, நடுவுல தட்டு இல்லன்னா அது எதைப் புடிக்கும்? ஒன்னையொன்னு புடிச்சுக்கும். உங்க கை சும்மாவே இருக்காதா?" என்றார் மெக்கானிக்.

"அதுக்குத்தானே வீட்டுல திட்டு வாங்கறேன்!"

அவர் சிரித்தபடி கட்டைகளை நெம்பி விலக்கினார். இப்போது ஒரு விரலால் அழுத்தினாலே நிற்கிறது.

முட்டிக்கு நீ தடவும் களிம்பின் பெயரை எழுதவும். நான்கு பக்கமாவது எழுது. ஞாயிறுகள் இங்கே மிக நீளம்.

உன் கட்டளையை நான் மீறவில்லை. விழுந்தது சைக்கிள்தான், நான் அப்போது அதன்மேல் இருந்தேன், அவ்வளவே.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் கணவன்