குறை இல்லாத பாதை

சேசு மரி சூசை துணை

பினாங்கு, ஆயர் ஈத்தாம்
8 நவம்பர் 1931

அன்புள்ள தெரேசாவுக்கு உன் லாரன்ஸ் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் பிள்ளை சவுந்தரத்துக்கும் மாதா காவல் இருக்கட்டும்.

நான் மண்டோராக, நம் ஊர் மேஸ்திரி மாதிரி, இருந்து பார்க்கும் மலைப்பாதையைப் பற்றி நீ கேட்டிருந்தாய். அது வேலைக்கோ சந்தைக்கோ போகிற வழி இல்லை. வெள்ளைக்காரர்கள் மலை ரயிலில் ஏறி, உச்சியிலிருந்து சும்மா காற்று வாங்கிக்கொண்டு நடப்பதற்கு கவர்மெண்ட் பணம் கொடுத்து வெட்டிய பாதை. போய்ச் சேர ஓர் இடமே இல்லாத நடைக்குப் பாதையா என்று நீ சிரிப்பாய். நானும் முதலில் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பில்தான் பதினொரு ஆட்களும் நானும் சாப்பிடுகிறோம்.

போன மாதம் பெரிய துரை பார்வைக்கு வந்து என் கையைக் குலுக்கினார் என்று பெருமையாக எழுதியிருந்தேன் அல்லவா? அவர் வருகிறார் என்றதும் நம் ஊரில் மாதா சப்பரம் வரும் தெருவைச் சுத்தம் செய்வதுபோல் பத்து நாள் வேலை வாங்கினேன். ஒரு கல் பெயரவில்லை, ஒரு இலை கிடக்கவில்லை. புத்தி கெட்டவன் நான்.

ஆபீஸில் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி கார்த்திகேசு நேற்றுக் கூப்பிட்டுச் சொன்னார். "பாதை வலு திறமாக் கிடக்குது, வாற வருஷம் பராமரிப்புக்குக் காசு வேண்டாம் எண்டு துரை எழுதிப்போட்டார், லாரன்ஸ்" என்றார். ஊரெல்லாம் பஞ்சம், கவர்மெண்டும் கையைச் சுருக்குகிறது. டிசம்பரோடு எங்கள் எல்லாருக்கும் வேலை இல்லை. வேலையோடு கொடுத்த, உங்களுக்காக நான் வெள்ளையடித்து வைத்த லயத்து வீடும் போகும். மனுப் போட்டிருக்கிறோம், பதில் தையில்தான் வருமாம்.

என் ஆள் சீனி முகம்மது, "நாலாவது வளைவுல வாய்க்கால அடைச்சு விடுங்கண்ணே, மத்தத மழை பாத்துக்கும், பாதை உடைஞ்சா காசு தன்னால வரும்" என்றான். அவனைத் திட்டி அனுப்பிவிட்டு, இன்று விடியற்காலை நானே போய் மூன்று மண்வெட்டி மண்ணைத் தள்ளினேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் பாதைக்கு மேல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமையில் கான்வென்ட் பிள்ளைகள் அந்த வளைவு வழியாகத்தான் இறங்குவார்கள், எல்லாம் சவுந்தரம் வயசு. இன்று ஞாயிற்றுக்கிழமை. மண்வெட்டியைக்கூடத் தேடாமல் கையாலேயே மண்ணை அள்ளி எறிந்தேன். பிள்ளைகள் பாடிக்கொண்டே போனார்கள். பாதை மறுபடியும் குறை இல்லாமல் இருக்கிறது.

அதனால் நீங்கள் இருவரும் இங்கே வரத் தைக் கப்பலுக்குச் சொல்லி வைத்ததை நிறுத்திவிடு. ஊர் வீட்டுச் சாவியை உன் அண்ணனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள். அவர் ஏதாவது சொன்னால் பொறுத்துக்கொள். தப்பு என்னுடையது.

பிள்ளையை ஜெபத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதிப்பாராக. கட்டி வைத்த பெட்டியை மட்டும் பிரிக்காதே, தெரேசா.

உன் கணவன்
லாரன்ஸ்